மரத்தில் ஒரு கட்லா: பவானி ஆசாரியின் வேலை

கோபியில் எங்களுக்கு மீன் கடை. பவானிசாகர் அணை மீன்தான் பெரும்பாலும் வரும். கல்லாவுக்கு மேலே மாட்ட ஒரு மரக் கட்லா வேண்டுமென்று பவானிப் பக்கம் ஓர் ஆசாரியிடம் சொல்லியிருந்தேன். கோயில் வாகனம் செய்கிறவர். ஒன்றரை அடி நீளம், பெயின்ட், கண்ணாடிக் கண் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். கொடுக்கலாம்.

கைக்கு வந்ததும் வாயைத்தான் பார்த்தேன். கட்லா மேல்மட்டத் தண்ணீரில் இரை எடுப்பது. கீழ்த்தாடை மேலே தூக்கியிருக்கும், மீசை கிடையாது. ரோகுவுக்கு வாய் கீழே இறங்கியிருக்கும். போட்டோவை வைத்துச் செய்கிறவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். இவர் கடைக்கே வந்து, ஐஸ் பெட்டியிலிருந்து மீனை எடுத்து நூல் பிடித்து அளந்து, காகிதத்தில் வரைந்துகொண்டு போனார். அந்தப் பெரிய தலை அப்படியே வந்திருக்கிறது.

மரம் குமிழ். எடை குறைவு, உளிக்கு வளைந்து கொடுக்கும். துடுப்புகளைத் தனியாகச் செதுக்கி ஒட்டியிருக்கிறார். துடுப்பு முள் நீளுகிற திசையிலேயே மர ரேகையும் ஓடுகிறது. குறுக்கே ஓடியிருந்தால் துடைக்கும்போதே முறிந்துவிடும். செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி தலையிலிருந்து வாலுக்கு அடுக்கு அடுக்காகப் போகின்றன, வால் பக்கம் சின்னதாகிக்கொண்டே. செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டில் செதிலுக்கு ஒரு புள்ளி குத்தியிருக்கிறார். தினமும் மீன் அரிகிற எங்கள் கடைப் பையன்கூட அதைத் தடவிப் பார்த்தான்.

குறை பெயின்டில்தான். முதுகின் கருஞ்சாம்பல் வயிற்று வெள்ளைக்குள் கரைந்து போக வேண்டும். முதலில் நடுவில் கோடு கிழித்தது போல நின்றது. சொன்னதும் முகம் சுளிக்காமல் தேய்த்து எடுத்து, மெல்லிய பூச்சாகத் திரும்ப அடித்துக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. வால் விளிம்பு மட்டும் இன்னும் தடிமன்தான். உடம்புக்கு வார்னிஷ் பளபளப்பு சரி, ஈர மீன் அப்படித்தான் மின்னும். துடுப்புக்கு அது வேண்டாம்.

பங்குனி, சித்திரையில் ஆர்டர் கொடுக்காதீர்கள், கோயில் வேலை வந்துவிடும்.

அடுத்து விரால் சொல்லியிருக்கிறேன். "செத்துப்போனா நெறம் மங்கிருதுங்க, உசுரோட காட்டுங்க" என்றார். விரால் காற்றையும் சுவாசிக்கிற மீன். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் பவானி வரை தாங்கும்.