மதுரையில் சாப்பாட்டை நேரம் பார்த்துத் தேடுங்கள்

மெல்போர்னிலிருந்து லீவுக்கு மதுரை போய்விட்டு வந்திருக்கிறேன். இங்கே தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது இரண்டே விஷயம்தான். எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும், மசாலாவுக்குப் போடும் கல்பாசி, கருப்பட்டி, சீரகச் சம்பா மாதிரி சாமானெல்லாம் நம்பி எங்கே வாங்குவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடுகிறேன். அம்மாவும் கூடவே வந்ததால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் உதவி இருக்கும்.

முதலில் சொல்ல வேண்டியது, மதுரையில் எந்தக் கடை என்று கேட்பதைவிட எந்த நேரத்துக்கு எது என்று கேட்பதுதான் முக்கியம். மெஸ் என்றால் பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் போனால் சாதமும் குழம்பும் இருக்கும், ஆனால் அந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சுக்காவோ மீன் குழம்போ சட்டியின் அடியில்தான் இருக்கும். பரோட்டா இரவுச் சாப்பாடு, அதைப் பகலில் தேடிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ‘மதுரை பரோட்டா முன்ன மாதிரி இல்ல’ என்று குறை சொல்வது நியாயமே இல்லை. முள்ளுமுருங்கை வடையும் பருத்திப்பாலும் சாயங்கால வண்டிகளில். தூங்கா நகரம் என்ற பெயருக்கேற்ப நள்ளிரவுக்கும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கிறது.

மேப்பில் நட்சத்திரம் பார்த்துப் போவது இங்கே பெரிதாக உதவவில்லை. கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதிகம் போகும் கடைகளுக்கு ஆயிரக்கணக்கில் மதிப்புரை இருக்கும். உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் கடைக்கு நாலு பேர் எழுதியிருந்தால் அதிகம், அதிலும் பாதி பார்க்கிங் இல்லை என்ற குறைதான். ஆட்டோக்காரரிடம் ‘நல்ல ஹோட்டல் எது’ என்று கேட்டால் வெளியூர்க்காரர்களை அழைத்துப்போகும் பெரிய ஹோட்டல் பெயரைத்தான் சொல்வார். ‘அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?’ என்று கேளுங்கள், பதிலே வேறாக வரும். அம்மா அதைவிட நல்ல வழி ஒன்று வைத்திருந்தார். சந்தையில் வாழை இலை விற்கும் அக்காவிடம் போய், எந்தெந்த மெஸ்ஸுக்குத் தினமும் இலை போகிறது, எது நல்ல நுனி இலையாகக் கேட்டு வாங்கும் என்று பேச்சுக் கொடுத்தார். அந்த அக்கா சொன்ன இடம் ஒரு சந்துக்குள், பெயர்ப் பலகை பாதி மங்கிப்போன ஒரு மெஸ். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே நிறைவான சாப்பாடு அங்கேதான்.

அங்கே சாப்பிட்ட அயிரை மீன் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அயிரை விரல் நீளம்கூட இருக்காது, கண்மாயிலும் ஆற்றிலும் சேற்றோடு வாழ்கிற மீன். அதனால் உயிரோடு வாங்கி வந்து தேங்காய்ப்பாலில் விடுவார்கள். பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கிவிடும். அதன்பிறகு உப்புப் போட்டு உரசிக் கழுவி, தலை வால் எதுவும் எடுக்காமல் முழுசாகக் குழம்பில் போடுவார்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாத கடையில் முதல் வாயிலேயே பல்லில் நறநறவென்று மண் தெரியும். நாங்கள் போன இடத்தில் துளி மண் இல்லை, சின்ன வெங்காயமும் புளியும் தூக்கலாக, மேலே நல்லெண்ணெய் மிதந்து நின்றது. விலை மற்ற மீன் குழம்பைவிட அதிகம்தான், அயிரை இப்போது முன்போல் கிடைப்பதில்லை என்பதால் அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடை எல்லாருக்கும் தெரிந்ததே. தடியான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் வெந்த கறி மசாலா, திருப்பிப் போட்டு அழுத்தி எடுப்பது. தட்டுக்கு வந்த அந்த நிமிடமே சாப்பிட வேண்டிய பொருள் இது, டெலிவரி ஆப்பில் வீட்டுக்கு வரவழைத்தால் பெட்டிக்குள்ளேயே வியர்த்துவிடும். பரோட்டாவுக்கும் இதே கதிதான். டெலிவரி ஆப்கள் இப்போது மதுரை முழுக்க ஓடுகின்றன, வெயில் நேரத்தில் வயதானவர்களுக்கு வசதிதான், இட்லி, பொங்கல், பிரியாணி வரவழைக்கலாம், குறையில்லை. கல்லிலிருந்து நேராகச் சாப்பிட வேண்டியதை மட்டும் நேரில் போய்ச் சாப்பிடுங்கள்.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்காமல் வந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அது வீட்டில் செய்யவும் எளிதானதுதான். பாதாம் பிசின், கடல்பாசி, நன்னாரி மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டால் போதும். பாதாம் பிசினை மட்டும் கொஞ்சமாக வாங்குங்கள், நாலைந்து கட்டியை இரவு ஊறப்போட்டால் காலையில் ஒரு கிண்ணம் நிறைய ஊதியிருக்கும். அழுக்கும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டாத, தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவுகிற கட்டியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம், கடைக்காரர்கள் கோபப்படுவதில்லை.

பணம் கட்டுவது பெரிய மாற்றம். இளநீர் வண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது, சில்லறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருந்தால் ஆஸ்திரேலிய மொபைல் எண்ணிலேயே யுபிஐ போட்டுக்கொள்ளலாம், 2023இலிருந்து பத்து நாட்டு எண்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள், ஆஸ்திரேலியா அதில் ஒன்று. உங்கள் வங்கி அந்தச் சேவையைத் தருகிறதா என்று மட்டும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், ஊருக்கு வந்து கிளையில் போய் நின்றால் அரை நாள் போய்விடும்.

அப்புறம் சாமான். மசாலா, பருப்பு, மிளகாய் எதுவானாலும் கீழமாசி வீதிப் பக்கம் போங்கள். மொத்த வியாபாரம் நடக்கிற இடம், ஆனால் கால் கிலோ, நூறு கிராம் கேட்டாலும் கொடுக்கிற கடைகள் உண்டு. சரக்கு தினமும் ஓடுகிற இடம் என்பதால் பழசு தங்குவதில்லை, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பாட்டிலில் மாதக்கணக்காக நிற்கிற கல்பாசியைவிட இங்கே சாக்கிலிருந்து அள்ளிக் கொடுப்பதுதான் எனக்கு நம்பிக்கை. மத்தியானத்துக்கு முன் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும், மாலையில் சுற்று வட்டார ஊர்க்காரர்கள் சிட்டையோடு வந்து நிற்பார்கள், அப்போது நம் நூறு கிராமுக்கு மரியாதை கிடைக்காது.

கல்பாசியை முகர்ந்து பார்த்து வாங்க முடியாது, காய்ந்த நிலையில் அதற்கு லேசான மண்வாசம்தான், சூடான எண்ணெயில் விழுந்தால்தான் அதன் குணம் வெளியே வரும். அதனால் கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சாம்பல் வெள்ளை, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், நமுத்துப்போய் வளைந்தால் வேண்டாம். மராட்டி மொக்கு பெரிய கிராம்பு மாதிரி இருக்கும், தலை உடையாமல் இருப்பதாகப் பொறுக்குங்கள். மிளகாயில் குண்டு மிளகாய் கேட்டால் ராமநாதபுரம் முண்டு என்று காட்டுவார்கள், நீட்டு மிளகாய்க்கு விருதுநகர் சம்பா. இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாளிக்கவும் சாம்பாருக்கும் முண்டு, பொடிக்குச் சம்பா என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாங்கள் போன கடை அண்ணாச்சி ஒரு கை முண்டை எடுத்துக் குலுக்கி, ‘விதை சத்தம் கேக்குதாம்மா? அப்பத்தான் நல்லாக் காஞ்சிருக்குன்னு அர்த்தம்’ என்றார். சீரகச் சம்பா கேட்டபோதும் அவரே முதலில் கேட்டது பிரியாணிக்கா, சாப்பாட்டுக்கா என்பதுதான். பிரியாணிக்கென்றால் பழைய அரிசி, புது அரிசி தம்மில் குழைந்துவிடும்.

கருப்பட்டியில்தான் அதிகக் கவனம் வேண்டும். நெடுஞ்சாலையில் கார் நிறுத்துகிற ஒரு கடையில் பளபளவென்று, எல்லாம் ஒரே அளவில், ஓலைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்ததை நல்ல விலைக்கு விற்றார்கள், வீட்டில் உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரையாக மின்னியது, வாயில் வெறும் இனிப்பு மட்டும்தான். நிஜக் கருப்பட்டியில் இனிப்போடு லேசான உப்புக் கரிப்பும் அடியில் ஒரு புகை வாசமும் இருக்கும். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் தண்ணீரில் கரைத்தால் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும், வடிகட்டித்தான் ஆக வேண்டும். வடிகட்டவே தேவையில்லாத சுத்தமான கருப்பட்டி என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உடன்குடிக் கருப்பட்டி என்று எழுதியிருப்பதெல்லாம் உடன்குடியிலிருந்து வந்ததில்லை. ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் இளகும் என்பதால் வாங்கியதும் காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள்.

நல்லெண்ணெயை மரச்செக்கில் ஆட்டித் தரும் இடங்கள் இப்போது நகரத்துக்குள்ளேயே நிறைய வந்துவிட்டன, நல்ல விஷயம். எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்குக் கருப்பட்டி சேர்ப்பார்கள், அந்த வாசம் பாட்டிலைத் திறந்ததுமே தெரியும். கண் முன்னால் செக்கு ஓடுகிற இடத்தில் வாங்குவதுதான் சரி, பலகையில் மட்டும் மரச்செக்கு என்று எழுதி எங்கிருந்தோ டின்னில் வரவழைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

பொடி அரைக்கிற மில்லைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் மிகப் பெரிய சேவையாகப் படுகிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் வாங்கி மொட்டை மாடியில் காயவைத்து எடுத்துப் போனால் அரை மணி நேரத்தில் குழம்புப் பொடி கையில். மில்லைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல், அரிசி மாவுக்கும் மிளகாய்க்கும் தனித்தனி மெஷின் இருக்கிறதா என்பது. எங்கள் தெரு மில்லில் அரைக்கிறவர் அம்மாவிடம், ‘மல்லிய முதல்ல விடுவோம்மா, மிளகா அப்புறம், அப்பத்தான் மெஷின்ல ஒட்டுறதெல்லாம் உங்க மல்லியாவே இருக்கும்’ என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். மெஷினிலிருந்து இறங்கும் பொடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், உடனே பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடித்து மாதம் தாங்காது. நியூஸ் பேப்பரில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு கட்டுங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது, இன்றும் ஓடுகிறது. அன்றன்றைய விலை பலகையில் இருக்கும், பேரம் தேவையில்லை, விடிந்தும் விடியாமலும் போய்விட வேண்டும். சின்ன வெங்காயமும் நாட்டுக் கத்தரிக்காயும் அங்கே வாங்கி அம்மா வைத்த குழம்புக்கு எந்த ஹோட்டலும் ஈடில்லை.

கடைசியாக, எடுத்து வருவது. ஆஸ்திரேலியாவுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் ‘ஆம்’ என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டுக் காட்டினால் ஆகாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், மறைத்துப் பிடிபட்டால் அபராதம், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விசாவையே ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை கூடாது, மல்லிகைப்பூ கூடாது, பால் சேர்ந்த இனிப்புகள் கூடாது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதில் சேர்த்திதான். முளைக்கக்கூடிய விதை எதுவானாலும் கேள்வி வரும். மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் வைக்காதீர்கள், மதுரை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், பெட்டியில் போடுங்கள். மசாலா கடையில் பில்லும், முடிந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் அச்சிட்ட பாக்கெட்டும் கேட்டு வாங்கினால் சோதனையில் இது என்ன என்று விளக்க எளிதாக இருக்கும். சாக்கிலிருந்து அள்ளியதையும் அண்ணாச்சி கடையிலேயே சீல் போட்டு, மேலே பெயர் எழுதித் தந்தார்கள், கேட்டால் செய்கிறார்கள்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் போகிறவர்கள் சாமான் வாங்குவதைக் கொடியேற்றத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். தேர் மாசி வீதிகளில்தான் ஓடும், அந்த நாட்களில் அங்கே மிளகாய் வாங்க நிற்க முடியாது, மெஸ்களிலும் பன்னிரண்டு மணிக்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும்.