கொசுவம் வைத்த நோட்டு

புடவைக்குக் கொசுவம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நோட்டை விளக்கவே வேண்டாம். நீளமான ஒரே தாள். அதை அரைச் சாண் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போய், இரண்டு முனையிலும் துணி ஒட்டிய அட்டை வைத்திருப்பார்கள். தையல் கிடையாது, கம்பி கிடையாது. ஜப்பானில் இதற்குக் கோஷுயின்சோ என்று பெயர். கோயில் கோயிலாகப் போகிறவர்கள் கையில் வைத்திருப்பார்கள். 300, 500 யென் கொடுத்தால் அங்கே இருப்பவர் தூரிகையால் கோயில் பெயரும் அன்றைய தேதியும் எழுதி, சிவப்பு முத்திரையும் குத்தித் தருவார். புண்ணியக் கணக்கு எழுதுகிற நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை வாங்கியது என் நாத்தனாரைக் கேலி செய்து படம் போட.

கொஞ்சம் முன்கதை. 32 வருடம் கூட்டுறவு பண்டகசாலையில் லெட்ஜர் எழுதியவள் நான். படம் வரைய யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. லெட்ஜர் ஓரத்தில் கிறுக்கிக் கிறுக்கி வந்த கைதான். ஒருமுறை ஆடிட்டில் மாட்டியும் இருக்கிறேன். 'பக்கம் 112, இடது ஓரத்தில் காணப்படும் யானைக்கு விளக்கம் தேவை' என்று எழுத்துபூர்வமாகக் கேட்டார்கள். ரிடையர் ஆன பிறகு, போன நவம்பரில், டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிற மகன் வீட்டுக்கு மூன்று வாரம் போனேன். துணைக்கு வீட்டுக்காரரின் தங்கை. முதல் வெளிநாட்டுப் பயணம், இரண்டு பேருக்கும்.

கிளம்பும்போதே கெட்டித் தாள் வைத்த ஸ்பைரல் ஸ்கெட்ச் புக் ஒன்றை ஊரில் வாங்கி எடுத்துப் போயிருந்தேன். அதன் கம்பி நான்காம் நாளே நெளிந்து, நாத்தனாரின் ஸ்வெட்டரில் மாட்டி நூலை உருவிவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அப்புறம் கின்சாவில் இதோயா போனோம். 1904இலிருந்து இருக்கிற எழுதுபொருள் கடை, வாசலில் பெரிய சிவப்புப் பேப்பர் கிளிப் தொங்கும். மாடி மாடியாகத் தாளும் பேனாவும். இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, எதை எடுப்பது என்று குழம்பி, ஒரு பேனாவோடு வெளியே வந்தேன். சாய்ஸ் அதிகமானால் நமக்கு ஆகாது. கடைசியில், ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த சின்னக் கடையில், நான்கே நான்கு நோட்டுகள் இருந்தன. கடல் நீல அட்டையில் கொக்குப் போட்டதை எடுத்தேன். 1,800 யென். நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

அளவு 12க்கு 18 செ.மீ. ஒரு பக்கம் 24 மடிப்பு. மொத்தமாக விரித்தால் ஒன்பதரை அடி, கிட்டத்தட்டப் பாதிப் புடவை. பின்பக்கத்திலும் அதே அளவு இடம் இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் இரட்டைத் தாள் என்பதால் முன்னால் போட்ட மை பின்னால் தெரிவதில்லை. கைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு வைக்கிற இடத்தில் அடங்கிவிடும்.

சாதாரண நோட்டில் படம் பக்கத்தோடு முடிந்துவிடும். இதில் முடியாது, அடுத்த மடிப்புக்கு வழிந்து போகும். இது எனக்குப் புரிந்தது யமனோதே லைனில். டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றி வட்டமாக ஓடுகிற ரயில், 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலை பதினொரு மணிக்கு ஏறி உட்கார்ந்தால் எதிர் சீட் முழுக்கத் தூக்கம். தூங்குவதில் அங்கே எத்தனை தினுசு! கைப்பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஒருவர். தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்து ஒருவர். நிமிர்ந்து உட்கார்ந்து, தியானமா தூக்கமா என்று சொல்ல முடியாமல் ஒரு பாட்டி. முதலில் சீட்டின் கோட்டை இழுத்தேன், மேலே கைப்பிடி வளையங்களின் கோட்டை இழுத்தேன். அப்புறம் ஒருவர், அடுத்தவர், அடுத்தவர். அவரவர் ஸ்டேஷன் வந்ததும் சாவி கொடுத்தது போலக் கண் திறந்து இறங்கிப் போனார்கள். அந்த இடத்தில் வேறு ஆள் வந்து தூங்கினார். என் நோட்டில் மட்டும் யாரும் இறங்கவில்லை. சீட் நீண்டுகொண்டே போனது. பதினொரு மடிப்பில் பதினான்கு பேர் தூங்குகிறார்கள். முகத்தை மட்டும் மாற்றிவிடுவேன். மூக்கையோ முடியையோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றினால் யாருக்கும் சங்கடமில்லை.

பதினைந்தாவது ஆள் எனக்கு அந்தப் பக்கம் இருந்தார். கோட்டு சூட்டு போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அவருக்கும் எனக்கும் நடுவில் நாத்தனார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே தூக்கம் வந்துவிடுகிற உடம்பு அவளுக்கு. தலை அவர் தோளில் சாய்ந்து ஐந்து ஸ்டேஷன் ஆகிவிட்டது. அவர் அசையவில்லை. எழுப்பலாம் என்று கை நீட்டினேன், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். சரி என்று வரைந்தேன். அவர் தோள் தலையணை, அவர் டை தலையணையின் குஞ்சம், நாத்தனார் தலை பூசணிக்காய். மனுஷர் ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், சாயாத பக்கத்துக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, சுண்டுவிரல் அளவு முத்திரை ஒன்றை எடுத்தார். அவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துவது. படத்தின் வலது கீழ் மூலையில், லெட்ஜரில் மேனேஜர் இனிஷியல் போடுவாரே அதே இடத்தில், பதமாக ஒரு குத்து. குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"என்ன அண்ணி, ஸ்டேஷன் வந்துடுச்சா?" என்றாள் நாத்தனார்.

இனி குறைகள். இந்தத் தாள் தூரிகை எழுத்துக்குச் செய்தது, வாட்டர்கலருக்கு அல்ல. வண்ணத்தை வைத்த உடனே குடித்துவிடும். துடைத்து எடுக்கலாம், லேசாக்கலாம் என்பதெல்லாம் இங்கே நடக்காது. நாத்தனாரின் அரக்கு ஸ்வெட்டர் மெல்லப் பரவி, பக்கத்தில் வரைந்திருந்த ஆளின் முகவாய்க்கு ஏறிவிட்டது. தாடியாகவே விட்டுவிட்டேன். சாதாரண ஃபவுண்டன் பேனா மையும் முடி முடியாகப் பிரிகிறது. சகுராவின் பிக்மா பேனா ஒத்துவருகிறது. 1982இலிருந்து வருகிற நிறமி மை அது. காய்ந்த பிறகு மேலே தண்ணீர் பட்டாலும் கலையாது. இன்னொன்று, நாரா என்கிற ஊரில் வாங்கிய குரேடகே தூரிகைப் பேனா. 1902இல் மைக்கட்டி செய்ய ஆரம்பித்த கம்பெனி. அழுத்தினால் பட்டை, தூக்கினால் இழை. நாத்தனாரை வரைய இதைவிடத் தோதான கருவி கிடையாது.

நின்றுகொண்டு வரையவும் இது சரிப்படாது. காற்றடித்தால் கொசுவம் அவிழ்ந்துவிடும். ஒரு பிளாட்பாரத்தில் ஒன்பதரை அடியும் விரிந்து பறக்க, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிவந்து முனையைப் பிடித்துக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் முறுக்குப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரப்பர்பேண்டைக் கழற்றி நோட்டுக்குப் போட்டேன். கம்பெனிக்காரர்களே ஒரு எலாஸ்டிக் வைத்திருக்கலாம்.

ரப்பர்பேண்ட் இருந்தும் நாராவில் தப்பவில்லை. அங்கே பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் மான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. மான் கடிக்கும், உதைக்கும், முட்டும், தள்ளிவிடும் என்று நான்கு கட்டமாகப் படம் போட்ட போர்டு வைத்திருக்கிறார்கள். நான் இதுவரை பார்த்த போர்டுகளிலேயே சிறந்த கார்ட்டூன் அதுதான், தள்ளப்படுகிற பாட்டியின் கைகளைப் பார்க்க வேண்டும். புல்லில் உட்கார்ந்து ரப்பர்பேண்டைக் கழற்றி அந்த போர்டை வரைந்துகொண்டிருந்தேன். நாத்தனார் 200 யென்னுக்கு மான் பிஸ்கட் வாங்கி, தலை குனிந்து வணங்குகிற மானுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் தீர்ந்தது. மான் சுற்றிலும் பார்த்தது. என் மடியிலிருந்து புல்லில் வழிந்து கிடந்த மடிப்பின் முனையை வாயில் கவ்வி நடக்க ஆரம்பித்தது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் யமனோதே லைன் முழுவதும் தொங்குகிறது, அத்தனை பேரும் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிழிந்தால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அந்த இரட்டைத் தாள் லேசில் கிழிகிற சாதி இல்லை. கடைசி மடிப்பின் மேல் மூலை மட்டும் போனது. அந்த மூலையில் இருந்தது, முந்தின நாள் கியோட்டோவில் நான் வரைந்த நாத்தனாரின் தலை.

"அண்ணி, என் தலையைத் தின்னுடுச்சு!"

சிரித்தாலும் மனசு உறுத்தியது. தாளாவது பரவாயில்லை. நோட்டுக்குப் பிளாஸ்டிக் மேலுறை ஒன்று கொடுத்திருந்தார்கள். அது வாய்க்குப் போயிருந்தால்? பிளாஸ்டிக் தின்று அங்கே மான்கள் செத்திருக்கின்றன. உறையை அன்றைக்கே கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். நீங்களும் நாரா போவதாக இருந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பிஸ்கட் கட்டைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும், மான் தின்றாலும் கெடுதல் இல்லாதபடி செய்தது. அதை நாத்தனாரின் கழுத்துக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

கோயில் விஷயத்திலும் ஒரு வார்த்தை. வரைகிற நோட்டையும் முத்திரை வாங்குகிற நோட்டையும் ஒன்றாக்காதீர்கள். நான் பின்பக்கத்தில் ரயில் ஸ்டேஷன் முத்திரைகளைக் குத்திக்கொண்டே வந்தேன். 1931இல் ஃபுகுய் ஸ்டேஷனில் ஆரம்பித்த பழக்கம் அது. நிறைய ஸ்டேஷன்களில் முத்திரையும் மையும் மேஜைமேல் இருக்கும், இலவசம். அதே நோட்டை ஒரு கோயிலில் நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர், தலையில்லாத நாத்தனாரில் ஒரு கணம் நின்றார். பிறகு முன்பே எழுதி வைத்திருந்த தனித்தாள் ஒன்றை இரு கையாலும் கொடுத்தார். அவர்கள் பக்கம் நியாயம்தான், சாமிக்கணக்கில் கேலிக்கணக்கைச் சேர்க்கக் கூடாது.

ஆனால் கேலி அந்த ஊர்க் கோயிலுக்குப் புதிதில்லை. கியோட்டோவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் மலைப்பக்கம் போனால் கோசான்ஜி. இலைகள் சிவக்கிற காலம் என்பதால் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அந்தக் கோயிலுக்குச் சொந்தமான நான்கு சித்திரச் சுருள்கள் இருக்கின்றன, 12, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அசல் டோக்கியோ, கியோட்டோ தேசிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கிறது, கோயிலில் நகல்தான் வைத்திருக்கிறார்கள். தவளையும் முயலும் மல்யுத்தம் செய்ய, தவளை முயலைத் தூக்கி எறிகிறது. இன்னோர் இடத்தில் தவளை புத்தராக உட்கார்ந்திருக்க, அங்கி போட்ட குரங்கு அதற்குப் பூசை செய்கிறது. யாரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள் என்று எண்ணூறு வருடம் கழித்தும் புரிகிறது. இத்தனைக்கும் ஒரு வரி எழுத்து கிடையாது! நான் அதுவரை ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'நாத்தனார் தூங்குகிறார்', 'நாத்தனார் மறுபடி தூங்குகிறார்' என்று விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அதை நிறுத்திவிட்டேன். மீதி இருந்த மடிப்புகளில் படம் மட்டும்தான். அவைதான் நன்றாகவும் வந்திருக்கின்றன.

வண்ணத்தில் ஆசை உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம், நல்ல வாட்டர்கலர் தாளுக்கே போங்கள். கறுப்பு மையும் ஒரே ஒரு வண்ணமும் போதும், கூட வருகிற ஆளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நான் திரும்பும்போது இன்னும் இரண்டு வாங்கிவந்தேன். ஒன்று என் பீரோவில் பிரிக்காமல் இருக்கிறது. இன்னொன்றில் நாத்தனார் பால் கணக்கு எழுதுகிறாள்.

முதல் நோட்டும் இப்போது அவள் வீட்டில்தான். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பொங்கலுக்கு வாங்கிப் போனவள் இன்னும் தரவில்லை. வருகிறவர்கள் முன்னால் கூடத்தில் நீளமாக விரித்து வைத்து, மான் தின்ற மூலையைக் காட்டி, அங்கே இருந்த தன் முகம் எவ்வளவு லட்சணமாக இருந்தது என்று வர்ணிக்கிறாளாம். நான் வரைந்ததில் பல்லெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மான் வந்து சாட்சி சொல்லவா போகிறது?