"தொண்டையில் நிறுத்துங்கள், உச்சஸ்தாயி தானாக வரும்": மூன்று மாதம் ஏமாந்தவன் எழுதுகிறேன்

ஏமாந்த கதையைச் சொல்லிக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. நானும் பேசாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் என்னை ஏமாற்றிய அந்தச் செயலிப் பாட்டு வகுப்பின் விளம்பரம் இன்று காலையும் என் போனில் வந்தது. கீழே "சேரலாமா, பலன் இருக்கிறதா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தார்கள். பதில் எழுதினேன், பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் குரல் கீழே நன்றாக நிற்கும். நடுவிலும் குறை சொல்ல முடியாது. மேலே போனால்தான் சிக்கல். 300 ஹெர்ட்ஸை (நொடிக்கு 300 அதிர்வு) தாண்டும்போதே இறுகும், 350க்குப் பக்கத்தில் பிசிறடிக்கும். பெரும்பாலான ஆண் குரல்கள் தடுமாறும் இடம் ஏறக்குறைய அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் குரலில் மட்டும் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை வைத்துத்தான் அவர்கள் கடை நடத்துகிறார்கள்.

விளம்பரத்தில் வருபவர் தன் கழுத்தை இரண்டு விரலால் தொட்டுக் காட்டுவார். "நீங்கள் சத்தத்தை வெளியே தள்ளுகிறீர்கள், அதனால்தான் எட்டவில்லை. தொண்டையில் நிறுத்துங்கள். தொண்டை ரெசனன்ஸ் வந்துவிட்டால் உச்சஸ்தாயி தானாக வரும்" என்பார். அப்புறம் பாடிக் காட்டுவார். அப்படியே சொக்கிப்போனேன். பல நாள் கழித்து ஹெட்போனில் கேட்டபோதுதான் உறைத்தது: ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்த அந்த நீண்ட கார்வை ஒரு மயிரிழைகூட அசையவில்லை, இரண்டு வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தமும் இல்லை. மனிதக் குரல் அப்படி இருக்காது. மென்பொருளில் தேய்த்து மெருகேற்றிய ஒலி அது.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. முழுப்பொய்யாக இருந்திருந்தால் நானே முதல் வாரத்தில் வெளியே வந்திருப்பேன்.

சுருதியை முடிவு செய்வது குரல் நாண்கள். 440 ஹெர்ட்ஸில் பாடினால் அவை நொடிக்கு 440 முறை ஒட்டிப் பிரிகின்றன. நாண் நீண்டு, மெலிந்து, விறைத்தால் சுருதி ஏறும். அதை இழுத்துக் கொடுப்பதற்கென்றே குரல்வளையின் முன்பக்கம் ஒரு சின்னத் தசை இருக்கிறது. அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். நாணுக்கு மேலே தொடங்கி உதடு வரை உள்ள குழாய் (வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ.) அந்த ரீங்காரத்தில் சில அலைகளைத் தூக்கிவிட்டு, சிலவற்றை அமுக்கி, நமக்குத் தெரிந்த குரலாக்குகிறது. ரெசனன்ஸ், அதாவது ஒத்ததிர்வு, என்பது இந்தக் குழாயின் வேலை. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் ஃபான்ட் 1960-லேயே இதைக் கணக்குப் போட்டு விளக்கிவிட்டார்.

ஆக, ரெசனன்ஸ் சுருதியை ஏற்றாது. நாண்கள் ஏற்றிய சுருதியைக் குறைந்த உழைப்பில் கணீரென்று கேட்கவைக்கும். முட்டித் தள்ள வேண்டிய தேவை குறைவதால் மேலே பாடுவது சுலபமாகிறது. "சுலபமாகும்" என்பதை "தானாக வரும்" என்று மாற்றினார்களே, அங்கேதான் ஏமாற்று.

இன்னொரு பாதி உண்மையும் இருக்கிறது. என் தொண்டையைக் கெடுத்தது அதுதான். நன்றாகப் பழகிய பாடகர்கள், குறிப்பாக ஓப்பரா ஆண்கள், பாடும்போது 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தனியாக எழும்பி நிற்கும். பெரிய வாத்தியக் குழுவையும் மீறி ஒற்றைக் குரல் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இதை ஆராய்ந்தவர் யோஹான் சுண்ட்பெரி, அவரும் ஸ்வீடன்காரர்தான். நாணுக்கு நேர் மேலே உள்ள குட்டிக் குழல் குறுகி, அதற்கு மேலுள்ள தொண்டை அகலமாக இருந்தால் அந்த எழுச்சி கிடைக்கும் என்பது அவர் கண்டது. குறுக வேண்டியது விரல்நுனி அளவு இடம். மற்றதெல்லாம் விரிந்து இருக்க வேண்டும். விளம்பரத்தில் வந்த நம் ஆசிரியர் இதில் "குறுக வேண்டும்" என்ற சொல்லை மட்டும் எங்கோ கேட்டிருக்கிறார் போல. "விழுங்கப் போகிறவன் மாதிரி தொண்டையை இறுக்கு, தாடையைத் தூக்கு, 'ஆ' சொல்லு" என்பதுதான் முதல் பாடம்.

விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறும். உங்கள் கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், தெரியும். மேலே ஏறினால் குழாய் குட்டையாகி ஒலி கூர்மையாகும். முதல் வாரம் எனக்கும் பலன் தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒன்றரை ஸ்வரம் கூடுதலாக எட்டியது. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடிக் காட்டினேன். கூர்மையை உயரம் என்று நானே நம்பினேன். கழுத்துத் தசைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னத் தசையின் வேலையை முரட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தன.

மூன்றாவது வாரம் மாலையானால் தொண்டை கட்டியது. ஐந்தாவது வாரம் காலையிலேயே கட்டியிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பாடிப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து, குரல்வளை மேட்டைக் காணோம், தாடைக்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. படம் எடுத்து வகுப்புக்காரர்களுக்கு அனுப்பினேன். "சார், பழைய பழக்கம் உடையும்போது வலி வரும். நல்ல அறிகுறி, விடாதீர்கள்" என்று பதில் வந்தது. நானும் விடவில்லை.

வாராவாரம் நாம் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், ஆசிரியர் கேட்டுக் குறிப்பு எழுதுவார் என்பதுதான் ஒப்பந்தம். வரும் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கவே, எட்டாவது வாரம் ஒரு வேலை செய்தேன். முதல் வாரம் அனுப்பிய அதே பதிவை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். இரண்டாவது வரியில் இருமியிருப்பேன், அந்த இருமல்கூட அப்படியே இருந்தது. மறுநாள் பதில்: "அருமை! முதல் வாரத்தோடு ஒப்பிட்டால் தொண்டை ரெசனன்ஸில் பெரிய முன்னேற்றம்." அதைப் படித்துச் சிரித்தேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

பணத்தைக் கேட்டேன். நான்காவது பாடத்தைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாது என்று நிபந்தனையில் இருக்கிறதாம். எனக்குக் கரகரப்பு ஆரம்பித்த வாரம் திறந்ததுதான் நான்காவது பாடம். அதோடு, மூன்று மாதம் முடிந்ததும் கேட்காமலே அடுத்த மூன்று மாதத்துக்குப் பணம் எடுக்கும்படி வைத்திருந்தார்கள். இப்போது உள்ளே இருப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், முதலில் அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் அது நிற்காது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது கரகரப்புக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையை உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. பாடுகிறவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது என்று திட்டு வாங்கினேன். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை நுழைத்து, விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டு நாணும் முத்துபோல் வெளுப்பாக இருக்க வேண்டுமாம். என்னுடையது ஓரமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. காய்ப்பு இன்னும் விழவில்லை, இப்படியே போயிருந்தால் விழுந்திருக்கும் என்றார்.

அப்புறம் குரல் சிகிச்சையாளர் ஒருவர் தந்த பயிற்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் இரண்டு விரற்கடை மூழ்கவைத்து, அதன் வழியாக 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். குமிழி சீராக வர வேண்டும், அவ்வளவுதான். வாசல் சிறுத்திருப்பதால் அழுத்தம் திரும்பி நாண்களுக்கு மேலே நிற்கிறது, அவை ஒன்றையொன்று அறையாமல் மெத்தென்று சேர்கின்றன. இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஒரு விரல் குரல்வளை மேட்டில் இருக்க வேண்டும். அது கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, தாடையில் போய் ஒட்டினால் அங்கேயே நிறுத்து என்றார் சிகிச்சையாளர். மூன்று மாதத்தில் "நிறுத்து" என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நான் பிசிறடிக்கும் இடத்தின் ரகசியமும் அங்கேதான் தெரிந்தது. ஆண் தொண்டையில் 'ஆ'வுக்கு முதல் ஒத்ததிர்வு (குழாய் தூக்கிவிடும் இடங்களில் மிகக் கீழே உள்ளது) ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸில் இருக்கும். நான் 350 பாடும்போது ரீங்காரத்தில் கூடவே வரும் அதன் இரட்டிப்பு அலை சரியாக அங்கே போய் முட்டுகிறது. அதைத் தாண்டும்போதும் 'ஆ'வை அகலமாகவே பிடித்துக்கொண்டிருந்தால் பாட்டு கத்தலாக மாறும், இல்லையென்றால் உடையும். அந்த இடத்தில் 'ஆ'வை லேசாக 'ஓ' பக்கம் உருட்டினால் தொண்டை தானே வழிவிடுகிறது. மிக உயரத்தில் பாடும் பெண்களுக்குக் கதை வேறு. சுருதியே அந்த முதல் ஒத்ததிர்வைத் தாண்டப் பார்க்கும், அதனால் அவர்கள் வாயை இன்னும் திறக்க வேண்டியிருக்கிறது. உச்சியில் சொல் தெளிவாகக் கேட்காததற்கும் அதுவே காரணம். உண்மையான தொண்டை ரெசனன்ஸ் இந்த மாதிரிச் சின்னச் சின்ன உருட்டல்தான். ஒவ்வொரு தொண்டைக்கும், ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் அது மாறும். ஆள் பாடுவதைக் கேட்காமல் இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள்?

சேரத்தான் போகிறேன் என்பவர்கள் பணம் கட்டும் முன் ஆசிரியரிடம் நேரடியாகப் பேச ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். அவர் உங்களைப் பாடச் சொல்லி, எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டு சொல்கிறாரா பாருங்கள். வலித்தால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். "தாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

எனக்கு இப்போது பேச்சு தெளிந்துவிட்டது. பாட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பத்து நாள் பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த வாரத்தில் வகுப்புக்காரர்களிடமிருந்து சான்றிதழ் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதற்குக் கீழே, "உச்சஸ்தாயியில் தேர்ச்சி பெற்றவர்." கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தேன்.