அத்தை அறை வாடையைக் கண்டுபிடித்துக் கொடுத்த பள்ளிக்கரணை ப்ளம்பர்

எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத நாற்றத்தோடு அபார்ட்மென்டில் யாராவது அல்லாடிக்கொண்டிருந்தால், இந்த விமர்சனம் அவர்களுக்குத்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். "நல்ல வேலை, ஐந்து நட்சத்திரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இந்த மனிதர் செய்தது என்ன என்று யாருக்கும் புரியாது.

நாங்கள் இருப்பது வேளச்சேரி–தாம்பரம் ரோட்டை ஒட்டிய ஒரு நாலு மாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடி. வாடை வந்தது ஒரே ஒரு அறையில், என் மாமியாரின் அறையில். அழுகின முட்டையும் சாக்கடையும் கலந்த மாதிரி வரும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாகவே போய்விடும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்குப் பாதி நாள் கட்டிலில்தான் போகிறது. வயதானவர் படுத்திருக்கும் அறையில் நாற்றம் அடித்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உறவுக்காரர் ஒருவர் வாசற்படியிலேயே நின்று, "டயபர் அடிக்கடி மாத்துறீங்களா?" என்று கேட்டார். அத்தை டயபர் போடுவதே இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரே பாத்ரூம் போய் வருவார். அந்தக் கேள்விக்குப் பிறகு, யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தாலே வலியோடு எழுந்து ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். காலையில் மாற்றின பெட்ஷீட்டைச் சாயங்காலம் மறுபடி மாற்றச் சொல்வார். இதை ஒருநாள்கூட என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த ப்ளம்பருக்கு முன்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனி ஆள், லாஃப்டில் எலி செத்திருக்கும் என்றார். செத்த எலி நாற்றம் இரவு பகல் பார்க்காமல் அடிக்கும், உடல் காய்ந்ததும் போய்விடும். நேரம் பார்த்து வந்து போகாது. ஆப் மூலம் வந்த டீப் கிளீனிங் குழு எல்லாவற்றையும் தேய்த்து, வாசனை ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனது. இன்னொரு ப்ளம்பர் பாத்ரூமைச் சுற்றிப் பார்த்த கையோடு, "டைல்ஸ் எல்லாம் உடைக்கணும், நானி ட்ராப் மாத்தணும், வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். (நானி ட்ராப் என்பது பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே இருக்கும் குழி.) வாடை பாத்ரூமில் வரவே இல்லை என்று நான் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. ஏசி சர்வீஸ் செய்தபோது மட்டும் சில நாள் வாடை இல்லாமல் இருந்தது, அப்புறம் திரும்ப வந்துவிட்டது.

எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லித்தான் இவருக்குப் போன் செய்தேன். பள்ளிக்கரணையில் சின்னதாக ஒரு கடை, கூட வேலைக்கு ஒரு பையன். போனிலேயே சில விஷயம் சொன்னார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பினாயில், ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் கூடாது. எல்லா நானி ட்ராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு அந்த அறையைச் சேர்ந்த பாத்ரூம் ட்ராப், வாஷ்பேசின் ஓட்டை, ஏசியின் உள் யூனிட், ஸ்விட்ச் போர்டு ஒவ்வொன்றையும் பாலிதீன் கவரால் தனித்தனியாக மூடி டேப் ஒட்டிவிட வேண்டும். "நான் வர்ற வரைக்கும் பிரிக்காதீங்கம்மா" என்றார்.

வந்ததும் முதலில் அடுப்படிக்குத்தான் போனார். சிலிண்டர் ரெகுலேட்டரையும் டியூபையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அதுவும் அழுகல் வாடைதான். ஆனால் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். எங்களுக்கு வாடை தலைக்கு மேலிருந்து வந்தது. (கேஸ் என்று சந்தேகம் வந்தால் ப்ளம்பருக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.) ஸ்விட்ச் போர்டு சூடாகிக் கருகினால் மீன் வாடை போல வரும் என்று அதையும் முகர்ந்து பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை, வந்தவர்களில் வேறு யாருமே செய்யவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தையிடம் கேட்டார்: "அம்மா, நீங்கதான் எப்பவும் இங்க இருக்கீங்க. எப்போ வருது, சொல்லுங்க."

அத்தை யோசிக்கக்கூட இல்லை. "காலையில மேல் வீட்டுல வாஷிங் மெஷின் தண்ணி இறங்கும்பா. குழாய்ல கடகடன்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த உடனே வாடை வரும். ராத்திரி வரவே வராது." அதுவரைக்கும் யாரும் அவரைக் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, கவர்களை ஒவ்வொன்றாக ஓரத்தில் லேசாகப் பிரித்து மூக்கை வைத்தார். ஒன்றைப் பார்த்ததும் வெளியே மாடிப்படிக்குப் போய் நல்ல காற்றை இழுத்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வந்தார். நாற்றத்துக்குள்ளேயே நின்றால் மூக்கு மரத்துப்போகும் என்றார். உண்மைதான், தினமும் புழங்கும் எங்களை விட விருந்தாளிகளுக்கு வாடை சீக்கிரம் தெரிந்ததும் அதனால்தான். பாத்ரூம் ட்ராப்பில் ஒன்றும் இல்லை, வாஷ்பேசினில் ஒன்றும் இல்லை. ஏசி கவரைப் பிரித்ததும் குப்பென்று வந்தது.

அதோடு விடவில்லை. பையனிடம் பெப்பர்மின்ட் எண்ணெய் பாட்டிலையும் ஒரு பாத்திரம் வெந்நீரையும் கொடுத்து, மொட்டை மாடிக்கு அனுப்பி, வென்ட் பைப்பில் (வேஸ்ட் பைப்பின் காற்று வெளியேற மேலே திறந்திருக்கும் குழாய்) ஊற்றச் சொன்னார். "ஊத்தினதும் மேலேயே இரு, நான் கூப்பிடாம கீழ வராதே." அவன் கையிலும் சட்டையிலும் எண்ணெய் வாசம் இருக்கும், அவன் உள்ளே வந்தால் சோதனையே வீண். நாங்கள் ஏசிக்குக் கீழே நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த ஓடாமல் கிடந்த ஏசியிலிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி மணம் இறங்கியது.

காரணம் இதுதான். கட்டடம் கட்டினவர்கள் ஏசித் தண்ணீர் வடியும் பைப்பைச் சுவருக்குள் புதைத்து, பாத்ரூம் டக்டில் (குழாய்கள் இறங்கும் சந்து) ஓடும் வேஸ்ட் பைப்பில் நேராகச் சேர்த்திருந்தார்கள். நானி ட்ராப்பில் எப்போதும் தேங்கி நிற்கும் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிற கதவு. ஏசி பைப்புக்கு அந்தக் கதவே வைக்கவில்லை. ஏசி ஓடினால் பைப்பின் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கி ஓரளவு அடைக்கும். அத்தைக்குக் குளிர் ஆகாது, அந்த ஏசியைப் போடுவதே இல்லை, பைப் காய்ந்து கிடந்தது. மேல் வீட்டு மெஷின் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது குழாயில் இருக்கும் காற்றைக் கீழே தள்ளும். தள்ளின காற்று, தடுப்பில்லாத வழியைப் பார்த்து அத்தை அறைக்குள் வந்திருக்கிறது. சர்வீஸுக்குப் பிறகு சில நாள் வாடை இல்லாததும், கழுவின தண்ணீர் பைப்பில் நின்றதால்தான்.

சரிசெய்ய ஒரு டைலைக்கூட உடைக்கவில்லை. டக்டுக்குள் இறங்கி, இணைப்பை அறுத்து, வேஸ்ட் பைப் பக்கம் எண்ட் கேப் போட்டு சால்வென்ட் வைத்து அடைத்தார். ஏசித் தண்ணீருக்குத் தனியாக ஒரு பிவிசி பைப்பை நல்ல வாட்டத்தோடு வெளிச்சுவர் வழியாக இறக்கி, கீழே செடிகளுக்குப் போகும்படி விட்டார். தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி வளைந்த யு-பெண்ட் போட்டால் போதாதா என்று கேட்டேன். ஓடாத ஏசியில் அதுவும் காய்ந்துபோகும், தனியாகப் பிரிப்பதுதான் நிரந்தரம் என்றார். மேல் வீட்டில் மெஷின் போடச் சொல்லி, தண்ணீர் இறங்கும் வரை காத்திருந்து, அத்தையையே முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் காசு வாங்கினார்.

பார்த்துச் சொன்னதற்கு 800 ரூபாய், வேலைக்கும் பொருளுக்கும் சேர்த்து 2,400. அந்த டைல்ஸ் கணக்கோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்த உறவுக்காரருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது வருகிறவர்களை அத்தை தன் அறையிலேயே உட்காரவைத்துப் பேசுகிறார்.

குறைகளும் உண்டு. முதல் தடவை சொன்ன நேரத்துக்கு வரவில்லை, சொல்லவும் இல்லை. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அசோசியேஷனில் காட்ட எழுத்துமூலம் ஏதாவது கேட்டதற்கு, "நேர்ல வந்து சொல்றேன்" என்றார். வந்து சொல்லவும் செய்தார், ஆனாலும் ஒரு தாள் இருந்திருந்தால் பில்டரிடம் பேச எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். வெளிச்சுவரில் துளை போட்ட இடத்தைச் சிமென்ட் பூசியதோடு விட்டுவிட்டார், பெயின்ட் நாம்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் இதே பைப் வேலைதான். ஏசியை அடிக்கடி ஓட்டாத வீடுகளில் இப்போது ஒவ்வொருவராக அவரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதென்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் போன் செய்யுங்கள், அதற்குப் பிறகு வேலையில் இருப்பார், எடுக்கமாட்டார். முந்தின ராத்திரி பினாயில் ஊற்றிவிடாதீர்கள், மோப்பம் பிடிக்க முடியாது என்று திரும்பிப் போய்விடுவார்.