திருகோணமலை உப்புவெளிக் கடற்கரை மணலில் இரண்டரை ஆண்டுகள்: தோள்வலுவுக்கான ஆசனத் தொடர்

கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போதெல்லாம் வலது தோள்மூட்டு இறுகிப் பிடித்ததனால், 2023 தை மாதத்தில் இந்த ஆசனத் தொடரைத் தொடங்கினேன். வாரத்தில் ஐந்து நாள், காலையில் 25 நிமிடங்கள் செய்கிறேன். பூனை நிலையில் முதுகைத் தளர்த்திய பின், கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக வைக்கும் பலகை நிலையிலிருந்து, முழங்கை மடித்து உடலைத் தாழ்த்தும் சதுரங்க தண்டாசனத்துக்கு இறங்கி, ஊர்த்துவமுக சுவானாசனத்தில் (மேல்நோக்கிய நாய் நிலை) நெஞ்சை விரித்து, இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்துக்குத் (கீழ்நோக்கிய நாய் நிலை) திரும்புவது ஒரு சுற்று. ஐந்து சுற்றுகளின் பின் இருபுறமும் ஒரு கையூன்றிப் பக்கவாட்டில் உடலைத் தாங்கும் வசிஷ்டாசனமும் இறுதியில் முதுகுக்குப் பின்னே கைகளைக் கோக்கும் கோமுகாசனக் கைப்பிடியும் வரும். கருவி எதுவும் வேண்டியதில்லை. உடலின் எடையே சுமை.

இத்தொடரின் உயிர்நாடி சதுரங்க தண்டாசனம். நான் பிழைவிட்டதும் அதில்தான். முழங்கைகளை வெளியே அகல விட்டு, தோள்கள் முழங்கை மட்டத்துக்கும் கீழே போகும்வரை இறங்கியதால், இரண்டாம் மாதத்திலேயே தோளின் முன்புறம் நோவெடுத்தது. மூன்று வாரம் நிறுத்தி, ஓர் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டியபோது, முழங்கால்களை நிலத்தில் ஊன்றி, முழங்கைகளை விலாவோடு அணைத்து, மேற்கை நிலத்துக்குக் கிடையாக வந்ததும் நின்றுவிடச் சொன்னார். தசை உடலை மேலே தள்ளுவதைவிடக் கூடிய சுமையைக் கீழே இறக்கும்போது தாங்கவல்லது. ஆகவே, தள்ளி எழும் வலு வருமுன்பே, நான்கு எண்ணி மெதுவாக இறங்குவதை மட்டும் பழகினேன். ஐந்தாம் மாத முடிவில் முழங்கால் ஊன்றாமலே முழுச் சுற்றையும் செய்ய முடிந்தது.

மணிக்கட்டு நோவுக்கு வழி காட்டியது எங்கள் கடற்கரை. ஈர மணல் இறுகி, கடலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். கடலைப் பார்த்துக் கையூன்றினால் உள்ளங்கையின் அடிப்பகுதி விரல்களைவிட உயர்ந்து நிற்பதால், மணிக்கட்டு குறைவாகவே வளைகிறது. ஆனால் தலைப்பக்கம் தாழ்ந்திருப்பதால் கைகளில் பாரம் கூடும். கரையைப் பார்த்தால் பாரம் குறையும், மணிக்கட்டு கூடுதலாக மடியும். எனவே மணிக்கட்டு நோகும் நாட்களில் கடலைப் பார்த்தும் தோள் களைத்த நாட்களில் கரையைப் பார்த்தும் செய்கிறேன். வாடைக் காற்றும் மழையும் வரும் மாதங்களில் வீட்டுச் சீமெந்துத் தரையில், மடித்த துவாயை உள்ளங்கையின் அடிப்பகுதிக்குக் கீழே வைத்துக்கொள்வேன்.

வலு வந்த வேகத்தில் தோளின் அசைவு வரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, விலா எலும்புகள் முன்னே தூக்காதபடி இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பார்ப்பதே என் அளவுகோல். தொடக்கத்தில் வலது கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. ஒன்றரை ஆண்டு சென்றபின்தான் விரல் சுவரைத் தொட்டது. கரும்பலகையின் மேல்விளிம்புவரை தோள் நோவின்றி எழுதிய அன்று எனக்கு உண்டான நிறைவைச் சொல்லி மாளாது.

இருந்தும் இத்தொடரில் ஒரு பெருங்குறை உண்டு: எல்லாமே தள்ளும் அசைவுகள், இழுக்கும் அசைவு ஒன்றேனும் இல்லை. கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் கரைவலை இழுப்போருடன் சேர்ந்து கயிற்றைப் பிடித்தபோது இதை நேரிலேயே உணர்ந்தேன். பன்னிரண்டு சதுரங்க தண்டாசனம் தொடர்ந்து செய்யும் நான், பத்து நிமிடத்தில் முதுகும் முன்கையும் சோர்ந்து விலகினேன். அதன் பிறகு தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு, பயிற்சி முடிந்ததும் எங்கள் வீட்டுக் கிணற்றில் கப்பிக் கயிற்றால் இருபது வாளி தண்ணீர் இறைக்கிறேன். வலக்கையால் பத்து, இடக்கை முன்னே பிடித்துப் பத்து. தண்ணீர் தென்னங்கன்றுகளுக்குப் போகிறது.