காசு கொடுத்து கோட் எடிட்டர் வாங்குவது பிரயோசனமா?

கொழும்பில் சொஃப்ட்வெயார் வேலைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நிரல் எழுதப் பாவிக்கும் எடிட்டர்களில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் (வி.எஸ். கோட்) தாராளமாகப் போதும். டொலரில் காசு கட்டுவதற்கு நியாயம் இருப்பது முக்கியமாக ஒரு வேலையில்தான்: மற்றவர்கள் வருடக்கணக்காக எழுதிவைத்த பெரிய நிரலை நாள் முழுக்க வாசித்து, அதில் கைவைத்துத் திருத்துவது. புதிதாக எழுதுகிறவருக்கு எடிட்டர் வேகமாக இருந்தால் காணும். பழையதைத் திருத்துகிறவருக்கு நிரலைப் புரிந்துகொள்ளும் எடிட்டர் வேண்டும்.

முதலில் இலவசப் பக்கம். டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட், பைதன் மூன்றுக்கும் வி.எஸ். கோட் தரும் வசதி கட்டண எடிட்டர்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். டைப்ஸ்கிரிப்டை உருவாக்கியதும் மைக்ரோசொஃப்ட் என்பதால், பெயர் மாற்றுவது, வரையறைக்குத் தாவுவது, பிழையை அடிக்கோடிடுவது எல்லாமே சுத்தமாக நடக்கும். ரியாக்ட், நோட் வேலை மட்டும் செய்கிறவர் வேறு எதையும் வாங்கத் தேவையில்லை.

8 ஜி.பி. ரேம் உள்ள லப்டொப்பில் வி.எஸ். கோட் இழுக்கிறது என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது எடிட்டரில் மேலதிகமாகப் பூட்டும் துணைக்கருவிகள். ஹெல்ப் மெனுவில் உள்ள ப்ரொசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் எந்தப் பகுதி எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று தெரியும். பிறகு கட்டளைகளைத் தேடும் பெட்டியான கமாண்ட் பலெட்டில் ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்பதை ஓடவிடுங்கள். அது எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக நிறுத்தி, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். 40 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஆறேழு தடவை பதில் சொன்னால் முடிந்துவிடும். பி.எச்.பி.க்கு ஒன்று, பைதனுக்கு ஒன்று என்று தனித்தனி ப்ரொஃபைல் வைத்துக்கொண்டால் தேவையில்லாதவை எழும்பவே மாட்டா.

விண்டோஸில், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிபோல ஓடவிடும் டொக்கர் டெஸ்க்டொப்பைப் பாவிக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் அடியில் இருக்கும் டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவிடும் பகுதி), எதுவும் சொல்லாவிட்டால், மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதன் கொன்ஃபிக் ஃபைலில் மெமரியை 3 ஜி.பி. என்று கட்டுப்படுத்தி, டபிள்யூ.எஸ்.எல்.லை ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால், எடிட்டர் மேல் போட்ட பழி பாதி குறையும்.

ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குள் சில கட்டணங்கள் இருக்கின்றன. வி.எஸ். கோடில் பி.எச்.பி. எழுதுகிறவர்கள் போடும் இன்டெலிஃபென்ஸ் எக்ஸ்டென்ஷனில், பெயர் மாற்றும் வசதி காசு கட்டியவருக்கு மட்டும். சி ஷார்ப் மொழிக்கான சி ஷார்ப் டெவ் கிட் எக்ஸ்டென்ஷனுக்கு, மைக்ரோசொஃப்ட்டின் இன்னொரு எடிட்டரான விஷுவல் ஸ்டூடியோ கொமியூனிட்டியின் அதே நிபந்தனைதான்: தனிநபருக்கு இலவசம், சிறிய நிறுவனத்தில் 5 பேர் வரை இலவசம், 250க்கு மேற்பட்ட கணினியோ வருடத்துக்கு 10 லட்சம் டொலருக்கு மேல் வருமானமோ உள்ள நிறுவனத்தில் கட்டணம். ராஜகிரியவிலோ கொழும்பு 3இலோ டொட் நெட் (சி ஷார்ப்) வேலை எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் இதைக் கவனியாமல் இருப்பது நல்லதல்ல.

கட்டண எடிட்டர்களில் ஒன்றான சப்ளைம் டெக்ஸ்ட்டின் விலை தனிநபருக்கு 99 டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று பிடித்தால் 30,000 ரூபாய் அளவு. ஒருமுறை கட்டினால் 3 வருடத்துக்கு அப்டேட் வரும். அதற்குப் பிறகும் கையில் உள்ள பதிப்பு நின்றுபோகாது. ஒரு லைசன்ஸை உங்கள் எல்லாக் கணினியிலும் போடலாம். காசு கட்டாமல் பரீட்சித்துப் பார்ப்பதற்கு நாள் கெடு இல்லை, சேவ் செய்யும்போது இடைக்கிடை வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வரும், அவ்வளவுதான். தொடர்ந்து பாவித்தால் வாங்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை, அதை மதிப்பதுதான் முறை.

அதன் பலம் வேகம். சி++இல் எழுதப்பட்டது, பழைய 4 ஜி.பி. மெஷினிலும் உடனே திறக்கும். வி.எஸ். கோடில் ஒரு ஃபைல் 20 எம்.பி.யை அல்லது 3 லட்சம் வரியைத் தாண்டினால் நிறம் தீட்டுவது உட்படச் சில வசதிகள் தானாக நின்றுவிடும். பெரிய லொக் ஃபைல், டேட்டாபேஸ் டம்ப் என்று தினமும் கிளறுகிற சர்வர்க்காரருக்கு சப்ளைம் உண்மையிலேயே பெறுமதி. மற்றவர்களுக்கு, நிரலைப் புரிந்துகொள்ளும் எல்.எஸ்.பி. பக்கேஜ், பிழை தேடும் டிபகர் எல்லாவற்றையும் தாங்களே பூட்டிச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், இந்த விலையில் பரிந்துரைக்க முடியாது.

காசுக்கு உண்மையான வேலை செய்வது ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்கள். அவற்றில் பி.எச்.பி.க்கான பி.எச்.பி.ஸ்டோர்மை எடுத்துக்கொள்வோம். பி.எச்.பி.யில் எழுதிய ஒரு பழைய லாராவெல் திட்டத்தில் ஓடர் என்ற கிளாஸிலும் பேமண்ட் என்ற கிளாஸிலும் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் ஒவ்வொரு மெதட் (செயற்கூறு) இருக்கிறது. ஓடரில் உள்ளதன் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். சாதாரணத் தேடலில் இரண்டும் கலந்து, கொமெண்டில் உள்ளதும் சேர்ந்து, நூற்றுக்கணக்கான வரிகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினால் பின்னேரம் முழுக்கப் போய்விடும், ஒன்று தவறினால் அது வாடிக்கையாளரிடம் போய்த்தான் வெடிக்கும். பி.எச்.பி.ஸ்டோர்மில் ஷிஃப்ட் எஃப்6 அழுத்தினால், எது ஓடருக்குரியது என்று வகையைப் பார்த்துப் பிரித்துவிடும். நிச்சயமில்லாதவற்றைப் ப்ரிவியூவில் வைத்து உங்களிடம் கேட்கும். அதை வாசிக்காமல் சரி என்று அழுத்துவதுதான் இங்கே பலர் விடும் பிழை. டேட்டாபேஸை இணைத்துவிட்டால், மேற்கோளுக்குள் எழுதிய எஸ்.கியூ.எல். கட்டளையில், டேபிளில் இல்லாத கொலம் ஒன்றின் பெயரையும் ஓடவிடுமுன்பே சிவப்பாகக் காட்டும்.

ஜெட்பிரெய்ன்ஸுக்குக் காசு கட்ட லோக்கல் ஹிஸ்டரி இன்னொரு காரணம். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் (Git) கொமிட் செய்யாத மாற்றத்தையும் அது தானாகவே வைத்திருக்கும், 5 வேலை நாள் வரை. கரண்ட் போய் மெஷின் படுத்தாலும், தவறுதலாக ஃபோல்டரை அழித்தாலும், அது இருந்த மேல் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். வி.எஸ். கோடின் டைம்லைனும் இதைச் செய்யும், ஆனால் சேவ் செய்த தனித்தனி ஃபைலுக்குத்தான்.

ஜெட்பிரெய்ன்ஸின் குறை: பாரம். 8 ஜி.பி.யில் ப்ரவுசரோடு சேர்த்து ஓடவிட்டால் மூச்சுத்திணறும், 16 இருந்தால்தான் நிம்மதி. முதல்முறை திறக்கும்போது அது நிரல் முழுவதையும் வாசித்து இண்டெக்ஸ் செய்து முடியும்வரை காத்திருங்கள். பில்ட், கேஷ், அப்லோட் ஃபோல்டர்களை எக்ஸ்க்ளூடட் என்று குறித்தால் அந்த நேரம் வெகுவாகக் குறையும்.

விலைத் திட்டத்தில் புரிந்துகொள்ள வேண்டியது ஃபோல்பேக் லைசன்ஸ். வருடக் கட்டணம் கட்டினால், கட்டிய அன்று வெளியில் இருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுடையது. மாதாமாதம் கட்டினால் தொடர்ச்சியாக 12 மாதம் முடிந்த பிறகுதான் அந்த உரிமை, அதுவும் தொடங்கிய மாதத்துப் பதிப்புக்கு. 11ஆம் மாதத்தில் கார்ட் காலாவதியாகிக் கட்டணம் விடுபட்டால் கணக்கு முதலிலிருந்து. தனிநபர் லைசன்ஸைப் புதுப்பித்தால் இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடத்திலிருந்து 40 சதவீதம் கழிவு. ஆகவே வாங்குவதென்றால் வருடக் கணக்கில் வாங்குங்கள், அன்றைய பதிப்பு எண்ணைக் குறித்து இன்ஸ்டோலரையும் எடுத்து வையுங்கள். 30 நாள் சோதனைக் காலத்தை வேலை நெருக்கமான மாதத்தில் தொடங்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

கொழும்பு, மொறட்டுவ பல்கலைக்கழக மாணவரோ மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.டி.யில் படிப்பவரோ பல்கலைக்கழக மின்னஞ்சலால் ஜெட்பிரெய்ன்ஸ் முழுவதையும் இலவசமாக எடுக்கலாம். அவர்களுடைய எடிட்டர்களில் ஜாவாஸ்கிரிப்டுக்கான வெப்ஸ்டோர்மும் டொட் நெட்டுக்கான ரைடரும் 2024 ஒக்டோபரிலிருந்து வணிகமல்லாத பாவனைக்கு எல்லோருக்கும் இலவசம். இரண்டிலும் எல்லை ஒன்றுதான்: காசு வாங்கிச் செய்யும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு அந்த லைசன்ஸ் செல்லாது.

மும்மொழித் தளங்களில் வேலை செய்கிறவர்கள் கேட்கும் தமிழ் விஷயத்தில் காசு கட்டுவதால் வரும் வித்தியாசம் பெரிதாக இல்லை. நிரலுக்கான எழுத்துருக்களில் தமிழ் இருப்பது அரிது, அதனால் ஃபொண்ட் வரிசையின் கடைசியில் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேருங்கள். வந்த மொழிபெயர்ப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் எந்த எடிட்டரும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் காட்டும், முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஜாவா 8 திட்டங்களின் ப்ரொப்பர்ட்டீஸ் ஃபைலில் தமிழ் எழுத்துகள் எண் குறியீடாகத் தெரிந்தால், ஜெட்பிரெய்ன்ஸின் ஜாவா எடிட்டரான இன்டெலிஜே ஐடியாவில் ஃபைல் என்கோடிங்ஸ் பக்கத்தில் நேட்டிவ் டு ஆஸ்கி மாற்றத்தை இயக்குங்கள். இது அதன் இலவசப் பகுதியிலேயே உண்டு.

கார்ட்டை எடுக்குமுன் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போய் ஸ்லொட்ஸ் யூஸ்ட் என்பதைப் பாருங்கள். 2இல் 1 என்று இருந்தால், அந்தக் காசோடு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், டி.டி.ஆர். 4ஆ 5ஆ என்று சரிபார்த்து ஒரு ரேம் போடுவது பலருக்கு எடிட்டரைவிடப் பெரிய மாற்றம் தரும். ரேம் போர்டோடு ஒட்டி வந்த லப்டொப்பில் அதற்கு வழியில்லை.

க்ராக் பதிப்பை மட்டும் தொடவேண்டாம். ஜெட்பிரெய்ன்ஸ் க்ராக்குகள் பெரும்பாலும் ஒரு ஜாவா ஏஜெண்டை (இன்னொரு நிரலுக்குள் புகுந்து அதை மாற்றும் துண்டு நிரல்) எடிட்டருக்குள்ளேயே ஓடவிடுகின்றன. எடிட்டர் தொடக்கூடிய சர்வர் சாவி, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், வாடிக்கையாளரின் நிரல் எல்லாவற்றையும் அதுவும் தொடலாம். பழைய லப்டொப் ஒன்றை எடிட்டரோடு சேர்த்து வாங்கியிருந்தால், ஹெல்ப் மெனுவில் எடிட் கஸ்டம் வி.எம். ஒப்ஷன்ஸ் திறந்து, ஜாவா ஏஜெண்ட் என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள். நீங்கள் போடாத வரி அங்கே இருந்தால், எடிட்டரை முழுதாக அகற்றி, முடிந்தால் விண்டோஸையே புதிதாகப் போட்டு, சர்வர் சாவிகள் அத்தனையையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.