செகண்ட் ஹேண்டில் ஆர்34 ஜிடி-ஆர்: இந்த விலைக்கு வாங்கலாமா?

1999 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது ஜப்பானில் நிஸான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆரின் விலை 49.98 லட்சம் யென். வி-ஸ்பெக் என்ற மேல்பதிப்பு என்றால் 55.98 லட்சம். இன்று அதே காருக்கு, கால் நூற்றாண்டு ஓடித் தேய்ந்த பிறகு, இரண்டு கோடி யென்னைத் தாண்டிக் கேட்கிறார்கள். கொஞ்சம் நல்ல நிலையில் இருந்தால் கடைக்காரர் விலையே போடுவதில்லை, ‘நேரில் கேட்கவும்’ என்று எழுதிவைத்துவிடுகிறார். கார் அவ்வளவு நல்லதா என்றால், நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையில் பாதிக்கு மேல் காருக்கான விலை இல்லை, காலண்டருக்கான விலை.

அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்குத் தயாரிக்கப்படாத காரை அங்கே கொண்டுபோக, 1988 சட்டத்தின்படி அதற்கு 25 வயது நிரம்ப வேண்டும். கணக்கு வருடத்துக்கு அல்ல, தயாரான மாதத்துக்கு. இதே காரின் பழைய தலைமுறையான, 1989 ஆகஸ்டில் வந்த ஆர்32 ஜிடி-ஆருக்கு 2014 ஆகஸ்டில் கதவு திறந்தது. அடுத்த தலைமுறையான ஆர்33க்கு 2020 ஜனவரி, ஆர்34க்கு 2024 ஜனவரி. ஆர்32 நாற்பதாயிரத்துக்கு மேல் தயாரானது, அதனால் அதன் விலை படிப்படியாகத்தான் ஏறியது. ஆர்34 மொத்தமே சுமார் 11,500. அதிலும் கனடாவில் வரம்பு 15 வருடம்தான் என்பதால் 2014லிருந்தே ஒரு பங்கு அங்கே போய்விட்டது. மிச்சத்துக்குத்தான் அமெரிக்காவே வந்து நிற்கிறது. விலை ஏறியதும் 2024இல் அல்ல. பல வருடம் முன்பே வாங்கி, ஜப்பானிலேயே கிடங்கில் நிறுத்திவைத்து, மாதம் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் ஏராளம்.

ஜப்பானில் பழைய கார் கைமாறும் ஏலத்தில் உள்ளூர்க் கடைக்காரர் ஏன் தோற்கிறார் என்பதற்கு இரண்டு காரணம். 2012இல் ஒரு டாலருக்கு சுமார் 80 யென் கிடைத்தது, 2024 ஜூலையில் 160ஐத் தொட்டது. டாலர் வைத்திருப்பவருக்கு அதே கார் பாதி விலை. இன்னொன்று பலரும் கவனிக்காதது, வரி. உள்நாட்டில் விற்கும் கடை 10 சதவீத நுகர்வு வரியை வாங்குபவர் தலையில் ஏற்றியாக வேண்டும். ஏற்றுமதிக்கு அந்த வரி கிடையாது, ஏலத்தில் கட்டியதும் திரும்பி வந்துவிடும். ஆகவே ஏற்றுமதியாளர் ஒரு படி கூடுதலாகக் கேட்டாலும் கை கடிக்காது. இதற்கு நடுவே, முதல் பதிவாகி 13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு ஜப்பான் அரசே ஆண்டு வரியைக் கூட்டுகிறது. வைத்திருப்பவரை உள்ளிருந்து தள்ளி, வெளியிலிருந்து இழுக்கும் ஏற்பாடு. போன கார் திரும்பி வருவதும் இல்லை.

எந்த மாடலை எப்போது வாங்குவது என்பதும் இதனால்தான் முக்கியம். 2000 ஆகஸ்டில் வந்த வி-ஸ்பெக் 2க்கு 2025 ஆகஸ்டு. 2001 மே மாதத்து எம்-ஸ்பெக்குக்கு 2026 மே. 2002இல் சுமார் ஆயிரம் மட்டும் வந்த கடைசிப் பதிப்பான நூர் 2027இல்தான் அமெரிக்கா போக முடியும். தனக்கு ஓட்டத்தான் வேண்டும் என்பவர் தன் மாடலின் தேதியை ஒட்டிய மாதங்களில் வாங்கக் கிளம்பக் கூடாது. தேதியை எதிர்பார்த்து ஏறிய விலையில் கையில் வருவது அதே 1999, 2000 கார்தான்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய சேஸிஸ் எண், மற்ற நாடுகளில் வாகன அடையாளமாக இருக்கும் 17 இலக்க வின் எண் அல்ல. பிஎன்ஆர்34 என்று தொடங்கி ஒரு வரிசை எண் வரும், அவ்வளவுதான், வருடம் அதில் இல்லை. பதிவுச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவு மாதம். அதுவே 25 வருடத்தைத் தாண்டியிருந்தால் கவலை இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் காருக்குத் தயாரிப்பு மாதத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளைப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் அது துணைச் சான்றுதான். அமெரிக்கத் துறைமுகத்தில் பாதுகாப்பு விதிக்கான எச்எஸ்-7 படிவமும் புகை விதிக்கான 3520-1 படிவமும் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் பதிவு செய்வதானால் மாநிலப் புகைச் சோதனை தனிச் செலவு, அது சின்னச் செலவும் அல்ல.

இனி கார். ஆர்பி26 இன்ஜின்: 2568 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, காகிதத்தில் 280 குதிரைத்திறன். அந்த எண் ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் எண், இன்ஜினின் எல்லை அல்ல. கெட்ராக் ஆறு கியர் பெட்டி ஆர்32, ஆர்33இன் ஐந்து கியரைவிட ஒரு தலைமுறை முன்னால் இருக்கிறது. எடை 1,560 கிலோ, வளைவில் அது தெரியாது. ஓட்டும் சுகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை இருக்கும் இடம் தகடு. பானெட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்க்காதீர்கள், சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இரண்டு பக்க ஸ்ட்ரட் டவரின் மேல்புறத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று தகடுகள் சேரும் இடம் அது. சீலன்ட் விரிசல் விட்டு ஈரம் நடுவில் தங்கும். பெயின்ட் கடுகளவு கொப்பளித்திருந்தாலும் அடியில் துரு பரவியிருக்கும். சரிசெய்ய இன்ஜின் அறையைக் காலி செய்து, தகட்டை வெட்டி, புதிதாக வெல்டு செய்ய வேண்டும். அடுத்தது முன்பக்கத் தரைத் தகடும் ஜாக்கி வைக்கும் இடமும். தப்பான இடத்தில் ஜாக்கி கொடுத்து நசுக்கியிருப்பார்கள், அதிலிருந்து துரு ஏறும். அடியில் புதிதாகக் கருப்பு அண்டர்கோட் அடித்த காரைக் கண்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

இன்ஜினுக்கு, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் இல்லாமல் பணம் கட்டக் கூடாது. சூடான நிலையில் சிலிண்டருக்கு, சதுர சென்டிமீட்டர் கணக்கில், சுமார் 12 கிலோ வர வேண்டும். 9க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ இன்ஜின் பிரிக்க வேண்டியது. ஒரிஜினல் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்டை 1 பாருக்கு மேல் ஏற்றி ஓட்டினால் அச்சிலிருந்து கழன்று சிதறும், தூள் சில சமயம் சிலிண்டருக்குள்ளேயே திரும்பும். நூர் மாடலில் இது உலோகம். ஆயில் பம்பின் கியர் உலோகத் தூளை அழுத்தித் தயாரித்தது, இன்ஜின் வேகத்தின் உச்ச வரம்பான லிமிட்டரில் அடிக்கடி மோதவிட்டால் நொறுங்கிவிடும், அதோடு இன்ஜின் போயிற்று. ஆயில் பிரஷர் முள் கீழே கிடந்தால் மட்டும் பயந்து ஓட வேண்டாம். அந்த சென்சார் பொய் சொல்வதில் பேர்போனது, மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் திரை மங்குவது சாதாரணம். மாற்றுத் திரையின் விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும்.

இவற்றில் எத்தனை, காரின் நிலையை ஏலக் கூடத்துச் சோதகர் குறித்துத் தரும் ஏலத்தாளில் தெரியும்? மிகக் குறைவு. யுஎஸ்எஸ் போன்ற ஏலக் கூடங்களின் தாள் நேர்மையானது, ஆனால் சோதகர் பார்ப்பது விபத்துத் தடயமும் வெளித்தோற்றமும்தான். கம்ப்ரஷன் பார்ப்பதில்லை, கார்ப்பெட்டைத் தூக்குவதில்லை. 4.5 கிரேடு என்றால் வெளியே அழகு என்று மட்டும் அர்த்தம். தாளில் ஏ கீறல், யூ குழி, டபிள்யூ டிங்கரிங் செய்து பட்டி போட்டுப் பூசிய இடம், இரட்டை எக்ஸ் மாற்றிய பாகம். எஸ், சி என்ற எழுத்துகள் துருவும் அரிப்பும். நமக்கு வேண்டியவை அந்த இரண்டும், கீழே கையால் எழுதியிருக்கும் ஜப்பானியக் குறிப்பும். அந்தக் குறிப்பை மொழிபெயர்த்துத் தராத ஏஜென்டிடம் வேலை இல்லை. ஆர் என்று கிரேடு விழுந்தால் சட்டகப் பகுதியில் பழுதுபார்த்த கார். பின் தரையை நேர்த்தியாக மாற்றியிருந்தால், துருப்பிடித்த 4 கிரேடைவிட அதை எடுப்பது புத்திசாலித்தனம். ஆனால் இன்றைய சந்தையில் கிரேடுக்குத்தான் காசு, தகட்டுக்கு அல்ல.

ஓடிய கிலோமீட்டரில் கூடுதல் எச்சரிக்கை. ஒரிஜினல் மீட்டர் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரைதான் காட்டும். அதைக் கழற்றி, நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் மீட்டர் போடுவது அந்தக் காலத்தில் சகஜம், புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும். அதனால் குறைந்த எண் எல்லாம் திருட்டு ஆகாது. மாற்றிய தேதியும் அப்போதைய எண்ணும் எழுத்தில் வேண்டும், வாகனச் சோதனைச் சான்றிதழில் பதிந்த எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்கும், விலைதான் வேறு. நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில் 2017 கடைசியில் ஆர்32க்குத் தொடங்கி, பிறகு ஆர்33, ஆர்34க்கும் நிறுத்திய பாகங்களை மறுபடி தயாரிக்கிறார்கள். அன்று கழற்றிக் குப்பையில் போட்ட ஒரிஜினல் ஏர் பாக்ஸ், எக்ஸாஸ்ட், சீட் எல்லாம் இன்று தனியாகவே நல்ல பணம்.

மதிப்பெண் கேட்டால், காருக்கு ஐந்துக்கு நாலரை, இந்த விலைக்கு இரண்டு. ஓட்டுவதற்கு வாங்குபவர் ஆர்33 ஜிடி-ஆரைப் பார்க்கட்டும். அதே ஆர்பி26 இன்ஜின், சுமார் 16,500 தயாரானது, தோற்றம் பிடிக்காது என்று பலர் ஒதுக்கியதால் இன்னும் ஆர்34 அளவுக்கு ஏறவில்லை. ஆர்34 தோற்றம்தான் வேண்டும் என்றால் ஜிடி-டி இருக்கிறது: ஆர்பி25 இன்ஜின், ஒற்றை டர்போ, பின்சக்கர ஓட்டம். அதை ஜிடி-ஆர் போல வேஷம் போட்டு விற்பவர்களும் உண்டு. சேஸிஸ் எண் ஈஆர்34 என்று தொடங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் விஷயம்தான். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரை இங்கே சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது. இலங்கையிலும் வயது வரம்பு தடுக்கும். டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவருக்குக் கடைசியாக ஒன்று. கிடங்கில் வருடக்கணக்கில் நின்ற காரை அப்படியே ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். டாங்கைக் காலி செய்து, பெட்ரோல் பம்பைப் பார்த்து, பிரேக் காலிப்பரும் நான்கு சக்கர ஓட்டத்தின் ஹைட்ராலிக் பம்பும் வேலை செய்வதை உறுதி செய்த பிறகுதான் சாவி. ஒரிஜினல் எக்ஸாஸ்டும் சஸ்பென்ஷனும் பெட்டியில் தனியாக வருகிறது என்றால் கன்டெய்னரில் அனுப்பச் சொல்லுங்கள். காரை ஓட்டியே ஏற்றும் ரோரோ கப்பலில் பொதுவாகக் காருக்குள் உதிரிச் சாமான் வைக்க விடமாட்டார்கள்.